நீரில் நின்றும் தாகம்

ஓசூர்ப் பகுதியின் பசுமைக்குடில்களில் வளர்ந்த நீண்ட காம்பு ரோஜாக்கள் இன்று பல ஊர்ப் பூக்கடைகளில் கிடைக்கின்றன. ஆசையாக வாங்கிவந்து குவளையில் வைக்கிறோம். இரண்டாம் நாளே சில பூக்கள் தலை கவிழ்ந்துவிடுகின்றன. குவளையில் நீர் குறையவில்லை, இதழ்களும் முதிரவில்லை. பின் ஏன் இந்த வாட்டம்? நீரில் நின்றுகொண்டே அந்தப் பூ தாகத்தால் வாடுகிறது என்பதே விடை.

காம்பில் நீர் எப்படி ஏறுகிறது என்று வகுப்பில் கேட்டால், "நுண்புழை ஏற்றத்தால்" என்று மாணவர்கள் சொல்வதுண்டு. அது பாதி விடைதான். 0.04 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிப் புழையில் நீர் 70 செ.மீ.க்கு மேல் ஏறும் என்பது உண்மையே. ஆனால் ஏறிய நீர் அங்கேயே நின்றுவிடும், தொடர்ந்து ஓடாது. செடியிலோ இலைகளிலிருந்தும் இதழ்களிலிருந்தும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. போன நீரின் இடத்தை நிரப்பக் கீழுள்ள நீர் இழுக்கப்படுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருப்பதால், சைலக் குழாயிலுள்ள நீர் முழுவதும் ஒரு கயிறுபோல இழுபட்டு மேலே வருகிறது. இக்கருத்தை 1894-இல் டிக்ஸன், ஜோலி என்னும் இரு அறிஞர்கள் வெளியிட்டனர்.

காம்பை வெட்டியதும் இந்தக் கயிறு அறுந்து உள்வாங்குகிறது. அதன் பின்னே காற்று நுழைகிறது. பிறகு நீரில் வைத்தாலும் அந்தக் காற்று இடையில் நின்றுகொள்ளும். காற்று வாங்கிய பம்புசெட் எவ்வளவு ஓடினாலும் தண்ணீர் எடுப்பதில்லை அல்லவா? அதே கதைதான். பூவுக்குச் சற்றுக் கீழுள்ள காம்பு இளசு. சைக்கிள் டியூபைக் காற்று விறைக்கச் செய்வதுபோல, அதை நிமிர்த்தி வைப்பது செல்களுக்குள் இருக்கும் நீரின் அழுத்தமே. எனவே நீர் வராதபோது முதலில் மடிவது அந்தக் கழுத்துத்தான்.

ஆகவே வீட்டுக்கு வந்ததும் காம்பின் அடியை ஒரு வாளி நீரில் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே 2 அல்லது 3 செ.மீ. வெட்டிவிட வேண்டும். இப்போது உள்ளே இழுக்கப்படுவது காற்றன்று, நீர். கூரிய பிளேடு நல்லது. மழுங்கிய கத்தரிக்கோல் குழாய்களை நசுக்கிவிடும். சாய்வாக வெட்டினால் அதிக நீர் ஏறும் என்பார்கள். எப்படி வெட்டினாலும் குழாய்களின் எண்ணிக்கை ஒன்றுதானே! காம்பின் அடி குவளையின் தரையில் படிந்து அடைபடாது என்ற அளவில்தான் சாய்வுக்கு மதிப்பு. கொதிக்கவைத்து ஆறிய நீர் சற்று மேல். அதில் கரைந்திருந்த காற்றில் பெரும்பகுதி வெளியேறியிருக்கும்.

அடுத்த பகை பாக்டீரியா. காம்பிலிருந்து கசியும் சத்தை உண்டு பெருகி, வெட்டுவாயில் கோழைபோலப் படிந்து குழாய்களை அடைத்துவிடும். நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுவதும், குவளையைத் தேய்த்துக் கழுவுவதும், நாள்தோறும் நீர் மாற்றுவதும் இதற்காகவே. சர்க்கரை மொட்டு விரிய உதவும். ஆனால் அதை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. 1 லிட்டர் நீரில் 3 தேக்கரண்டி சர்க்கரையுடன் ஓர் எலுமிச்சம்பழத்தின் சாற்றையும் சேர்த்தால், அமிலம் அதன் பெருக்கத்தைத் தாமதப்படுத்தும்.

குவளையை மின்விசிறிக்கு நேரே வைக்காதீர்கள், ஆவியாதல் மிகும். வாழைப்பழத் தட்டின் அருகிலும் வேண்டாம். பழுக்கும் பழம் வெளிவிடும் எதிலீன் வாயு பல ரோஜா வகைகளை விரைவில் முதிரச் செய்யும்.

தலை கவிழ்ந்த பூவை உடனே எறிந்துவிட வேண்டியதில்லை. நீருக்குள் மீண்டும் அடியை வெட்டி, பூவும் காம்பும் முழுவதும் அமிழுமாறு அகன்ற தொட்டியில் ஒரு மணி நேரம் கிடத்துங்கள். ஆவியாதல் நின்றுவிடுவதால், ஏறும் நீரெல்லாம் செல்களிலேயே தங்கும். கழுத்து மடிந்து ஒரு நாள் கடக்காத பூக்களில் பல நிமிர்ந்துவிடும்.