இப்னு மைமூன் கண்ட இரு ஆட்சிகள்

"முஸ்லிம் ஆட்சியில் பிற மதத்தவர் நிம்மதியாக வாழ்ந்தார்களா சேர்?" என்று தரம் 10 மாணவன் ஒருவன் கேட்டான். ஒற்றைச் சொல்லில் பதில் கூறாமல், யூத அறிஞர் மூஸா இப்னு மைமூனின் வாழ்க்கையைச் சொன்னேன்.

அவர் 12ஆம் நூற்றாண்டில் அந்தலூஸின் குர்துபா நகரில் பிறந்தவர். அங்கு யூதரும் கிறிஸ்தவரும் ஜிஸ்யா வரி செலுத்தித் தமது மதத்தைப் பின்பற்றினர். சம உரிமை இல்லாவிட்டாலும் பாதுகாப்பு இருந்தது. 1148இல் நகரைக் கைப்பற்றிய முவஹ்ஹிதூன்கள் அந்தப் பாதுகாப்பை நீக்கினர். இஸ்லாத்தை ஏற்க வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்ற நிலை வந்தது. இப்னு மைமூனின் குடும்பம் ஊரைவிட்டுப் புறப்பட்டது.

பல ஆண்டுகள் அலைந்து எகிப்தை அடைந்தார். அதுவும் முஸ்லிம் ஆட்சிதான். அங்கே சுல்தான் ஸலாஹுத்தீனின் அமைச்சர் அல்காழி அல்பாழிலுக்கு வைத்தியரானார். யூத சமூகத்தின் தலைவராகவும் மதிக்கப்பட்டார். தனது புகழ்பெற்ற மெய்யியல் நூலை அரபு மொழியிலேயே எழுதினார்.

மார்க்கத்தில் நிர்ப்பந்தம் கூடாது என்ற அல்குர்ஆனின் போதனை இரு இடத்திலும் ஒன்றுதான். ஆட்சியாளர்களே வேறுபட்டார்கள்.

நாம் எகிப்தை மட்டும் பேசுகிறோம். நம்மை விமர்சிப்போர் குர்துபாவை மட்டும் பேசுகிறார்கள். சிறுபான்மையாக வாழும் நாம் பிறரிடம் எதிர்பார்க்கும் நியாயத்தால் நமது வரலாற்றையும் அளக்க வேண்டும். அன்று அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.