ஏகாம்பரர் ஊரில் ஒரு 'ஜில்' மாம்பழம்!

சித்திரை பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்தில் இரண்டு விஷயங்களுக்குக் குறைவே இருக்காது. ஒன்று, கல்யாணப் பட்டு எடுக்க வேன் வேனாக வந்து காந்தி ரோட்டில் இறங்கும் குடும்பங்கள். இன்னொன்று, வெயில்! பெண்கள் எல்லாம் கடைக்குள் போய்விட, வாசலில் பை, செருப்பு, குழந்தை மூன்றுக்கும் காவலாக நிற்கும் ஆண் வர்க்கம் வேறென்ன செய்யும்? ஐஸ்க்ரீம் எங்கே கிடைக்கும் என்று கண்ணால் துழாவும். "அரை மணியில வந்துடறோம்" என்று போனவர்கள் திரும்பி வர மூன்று மணி நேரம். அதற்குள் ஆளுக்கு மூன்று கப் காலி!

அந்தக் கப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது மூடியைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா ஸார்? சிலவற்றில் 'ஐஸ்க்ரீம்' என்று இருக்கும். சிலவற்றில் பொடி எழுத்தில் 'ஃப்ரோஸன் டெஸர்ட்' என்று இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம் மாதிரி தெரியும். ஆனால் கோத்திரம் வேறு! நம் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஐஸ்க்ரீமில் உள்ள கொழுப்பு பாலில் இருந்து வந்திருக்க வேண்டும். சாதா வகையில் அது பத்து சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. ஃப்ரோஸன் டெஸர்ட்டில் பால் கொழுப்புக்குப் பதிலாகவோ, அதோடு சேர்த்தோ தாவர எண்ணெய் இருக்கும். இந்த வித்தியாசத்தைச் சொன்ன ஒரு விளம்பரம் 2017ல் மும்பை ஐகோர்ட் வரை போய் வந்தது. தாவர எண்ணெய் ஒன்றும் விஷமில்லை. நாம் காசு கொடுப்பது எதற்கு என்று தெரிந்து கொடுக்கலாமே என்பதுதான் பாயிண்ட்.

பழக் கதை இன்னும் தமாஷ். மூடியில் மாம்பழப் படம் ஒன்றரை இன்ச்சுக்கு இருக்கும். உள்ளே எத்தனை சதவிகிதம் மாம்பழம் என்பதைக் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி வேண்டும்.

தெருவோர ஐஸ் சமாசாரம் வேறு. அங்கே பயப்பட வேண்டியது எண்ணெய்க்கு அல்ல, தண்ணீருக்கு. மீன் பதப்படுத்த அடிக்கிற ஐஸ் பாளத்தை ஜூஸில் உடைத்துப் போட்டால் யாருக்குத் தெரியும்? இதற்காகவே மகாராஷ்டிராவில் 2018ல், சாப்பிடத் தகாத ஐஸுக்கு நீலக் கலர் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 'உறைஞ்சு போச்சுன்னா கிருமி செத்துடும்' என்று ஒரு நம்பிக்கை நம் ஆட்களுக்கு உண்டு. சாகாது ஸார்! மஞ்சள் காமாலை தரும் வைரஸ் ஐஸுக்குள் குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கும். வயிற்றுக்குள் வந்ததும் எழுந்து வேலையைப் பார்க்கும்.

சரி, பயமுறுத்தல் போதும். விஷயத்துக்கு வருவோம். ஐஸ்க்ரீம் மெஷின் வேண்டாம், அடுப்பு வேண்டாம், சர்க்கரை கூட வேண்டாம். ஃப்ரிட்ஜும் மிக்ஸியும் இருந்தால் பழத்தையே ஐஸ்க்ரீம் மாதிரி ஆக்கிவிடலாம். சமையல்கட்டுப் பக்கம் காபிக்கு மட்டுமே எட்டிப் பார்க்கும் இளைஞர்களும் தைரியமாக மேலே படிக்கலாம்.

காஞ்சிபுரத்தில் பழம் என்றால் மாம்பழத்தில்தானே ஆரம்பிக்க வேண்டும்? ஊருக்கு நடுவே கோயில் கொண்டிருக்கும் ஏகாம்பரநாதரின் பெயரே ஒற்றை மாமரத்தில் இருந்து வந்ததுதான். அம்பாள் மாமரத்தடியில் மணலில் லிங்கம் பிடித்துத் தவம் செய்தாள் என்பது தல புராணம். அந்த ஸ்தல விருட்சத்தின் நாலு கிளைகளும் நாலு வேதம், நாலும் நாலு ருசியில் பழம் தரும் என்பது பக்தர்கள் நம்பிக்கை. நமக்கு நாலு ருசி வேண்டாம், ஒரே ருசியில் இரண்டு பழம் போதும்.

பங்கனப்பள்ளி உத்தமம். நார் இருக்காது. செந்தூராவும் பரவாயில்லை. வாங்கும்போது பளபளவென்று ஒரே மாதிரி மஞ்சளாக, வாசனையே இல்லாமல் இருந்தால் யோசியுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. எத்திலீன் வாயு அளவோடு வைப்பதற்கு அனுமதி உண்டு. அது பழம் தானாகவே விடுகிற வாயுதான். எதற்கு வம்பு என்பவர்கள் காயாகவே வாங்கி, பாட்டி காலத்து வழக்கப்படி அரிசி டிரம்மில் புதைத்து வையுங்கள். மூன்று நாலு நாளில் வீடே மணக்கும். (யார் எடுத்தது என்பது வேறு பிரச்னை!)

இரண்டு மாம்பழத்தின் சதை, ஒரு பச்சை வாழைப்பழம், அரை கப் கெட்டித் தயிர், அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான் சாமான். மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் தோலுரித்து, முக்கால் இன்ச் துண்டுகளாக்கி, ஒரு எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீஸரில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். டப்பாவில் குவித்து வைத்தால் காலையில் செங்கல் கிடைக்கும். வாழைப்பழத்தைத் தோலோடு வைப்பது அதைவிட மோசம். தோல் கறுத்து, பிசுபிசுத்து, உரிக்கவே வராது. பிளாஸ்டிக்கை விட எவர்சில்வர் சீக்கிரம் குளிரும் என்பதால்தான் அந்தத் தட்டு சிபாரிசு.

காலையில் எடுத்து ஐந்து நிமிஷம் வெளியே வையுங்கள். தயிர், எலுமிச்சை, உப்போடு சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு அடியுங்கள். முதலில் மரத்தூள் மாதிரி உதிரும். 'பத்திரிகைக்காரன் ஏமாத்திட்டான்' என்று தோன்றும். நிறுத்தி, ஸ்பூனால் தள்ளிவிட்டு மறுபடி அடித்தால், திடீரென்று ஒரு கட்டத்தில் எல்லாம் ஒன்று சேர்ந்து வெண்ணெய் மாதிரி திரண்டு வரும். அந்த நிமிஷமே சாப்பிடுவதுதான் சுகம். ஸ்பூனில் கெட்டியாக அள்ள வேண்டும் என்றால் டப்பாவில் போட்டு இன்னொரு மணி நேரம் ஃப்ரீஸரில் வையுங்கள். ஜாரில் பாதிக்கு மேல் போட்டுவிட்டு ஒரேயடியாக ஓட விட்டு, மோட்டார் புகைந்தால் கம்பெனி பொறுப்பல்ல!

சும்மா அரைத்ததற்கு எப்படி ஐஸ்க்ரீம் பதம் வருகிறது? பழத்துக்குள் இருக்கும் தண்ணீர் உறையும்போது கூர்கூராக ஐஸ் படிகமாகிறது. சர்க்கரை அதில் சேராமல் ஒதுங்கிப் பாகாக நிற்கிறது. பாகு சுலபத்தில் உறையாது. மிக்ஸி பிளேடு படிகங்களைப் பொடியாக்குகிறது, கொஞ்சம் காற்றையும் அடித்து ஏற்றுகிறது. நாக்குக்கு அது க்ரீம்! வாழைப்பழத்தில் தண்ணீர் முக்கால் பங்குதான். மிச்சத்தில் சர்க்கரையும், ஜாம் கெட்டிப்படக் காரணமான பெக்டினும் இருப்பதால் வழவழப்பு அதிகம். அதனால்தான் மாம்பழத்துக்குத் துணையாக அதைச் சேர்க்கிறோம். தர்ப்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். எத்தனை அடித்தாலும் அது பனிக்கட்டிதான். அதைச் சாறாக்கி, துளி உப்பும் புதினாவும் சேர்த்து டம்ளரில் ஊற்றி, ஸ்பூனைச் செருகிக் குச்சி ஐஸ் ஆக்கிவிடுங்கள். ரஸ்தாளி வேண்டாம். சில சமயம் நடுவில் கல் மாதிரி கட்டி இருக்கும். சாப்பிடும்போதே பல்லில் தட்டுகிறது, உறைந்தால் கேட்கவா வேண்டும்?

ஐஸுக்காக நம் மெட்ராஸ்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. 1833ல் அமெரிக்காவின் பாஸ்டனில் இருந்து ஏரி ஐஸை மரத்தூளில் பொதிந்து, நாலு மாதம் கடலில் கொண்டுவந்து கல்கத்தாவில் இறக்கினார் டியூடர் என்ற வியாபாரி. அவருடைய கம்பெனி 1842ல் மெரினா கரையில் ஐஸ் சேமிக்க ஒரு கட்டடம் கட்டியது. அதுதான் ஐஸ் ஹவுஸ்! 1897ல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். அன்றைக்குத் துரைமார்களுக்கு மட்டும் கிடைத்த ஐஸ் இன்று நம் வீட்டு மூலையில் 'கொர்ர்' என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. நாமோ அதில் பழைய குழம்பு வைக்கிறோம்!

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீடு. பெரியவருக்கு ஐம்பத்தெட்டு வயது. குழித்தறியில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ஆறு வருஷமாகச் சர்க்கரை வியாதி. போன வருஷம் கால் கட்டைவிரலில் ஒரு சின்னக் காயம், இரண்டு மாதம் ஆறவில்லை. மற்றவர்களுக்குக் கால் விரல் காயம் என்றால் செருப்பு போட முடியாது, அவ்வளவுதான். தறிக்காரருக்கு மிதிப்பலகையே காலில்தான். இரண்டு மாதமும் பாவு பாவாகவே கிடந்தது. கூலி இல்லை.

காயம் ஒருவழியாக ஆறியது. ஆனால் நாக்கு ஆறவில்லை! சாயங்காலம் 'கோயிலுக்குப் போயிட்டு வரேன்' என்று கிளம்புகிறவர், திரும்பும்போது மீசையில் வெனிலா.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் மகன் சண்டை போடவில்லை. டாக்டரிடம் போய், "பழத்தை உறைய வெச்சு, சர்க்கரை போடாம குடுக்கலாமா?" என்று நேராகவே கேட்டான். அவர் யோசித்து, வாரத்துக்கு ஒரு நாள், நூறு கிராம் பழத்துக்கு மேல் கூடாது, அன்றைக்கு ராத்திரி சோற்றில் ஒரு கரண்டி குறைக்க வேண்டும், டெஸ்ட் ரிப்போர்ட் சரியாக இருக்கும் வரைதான் என்று நாலு கண்டிஷன் போட்டுத் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை தராசில் நிறுத்து, தயிர் தூக்கலாக அரைத்து, சின்னக் கிண்ணத்தில் வந்தது.

பெரியவர் ஒரு வாய் வைத்தார்.

"இன்னாடா, புளிப்பா கீது?"

"தயிருப்பா."

"சக்கரை போடலியா?"

"அதான் உனக்குள்ளயே கீதே!"

முறைத்துக்கொண்டே கிண்ணத்தை வழித்துவிட்டார். இப்போது சனிக்கிழமையே 'மாம்பயம் வாங்கிட்டியா?' என்று விசாரணை நடக்கிறதாம். சாயங்காலக் கோயில் விஜயம் குறைந்துவிட்டது. சாமிக்கு வருத்தம் இருக்காது என்று நம்புவோம்.

இதைப் படித்துவிட்டு 'சர்க்கரைக்காரர்களுக்கு மாம்பழம் நல்லது' என்று கிளம்பிவிடாதீர்கள்! பழத்திலும் சர்க்கரைதான் இருக்கிறது. நூறு கிராம் மாம்பழத்தில் சுமார் 14 கிராம், 60 கலோரி. வாழைப்பழத்தில் 12 கிராம், 90 கலோரி. அதே எடை வெனிலா ஐஸ்க்ரீமில் சர்க்கரை சுமார் 21 கிராம், கலோரி 200. லாபம் உண்டு, ஆனால் முழு டப்பாவையும் ஒரே ஆள் காலி செய்தால் லாபம் நஷ்டத்தில் முடியும். வியாதி உள்ளவர்கள் அவரவர் டாக்டரைக் கேட்காமல் கரண்டியைத் தொட வேண்டாம்.

காஞ்சிபுரத்துக்கே உரிய ஒரு தந்திரம் சொல்லட்டுமா? வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்யமாகும் குடலை இட்லியில் சுக்கு, மிளகு, சீரகம் எல்லாம் உண்டல்லவா? அதில் சுக்கையும் மிளகையும் மட்டும் பொடித்து, கிண்ணத்தில் மாம்பழத்தின் மேல் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். முதலில் ஜில், அப்புறம் தொண்டையில் லேசாக ஒரு காரம். ஆபீஸில் எல்லோரும் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு மூடியைக் கூட வழித்தார்கள்.

மாம்பழ சீஸன் போனால் கவலை வேண்டாம். சப்போட்டா வருஷத்தில் பல மாதம் கிடைக்கும். நன்றாகப் பழுத்ததாக எடுத்துத் தோல், கொட்டை நீக்கி இதே முறையில் செய்தால் யாரும் சர்க்கரை போடவில்லை என்று நம்ப மாட்டார்கள். சீதாப்பழம் அதைவிட ருசி. ஆனால் கொட்டை எடுக்கும் வேலைக்கு ஒரு ரூம்மேட்டாவது ஏமாளியாக இருக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜே இல்லாத ரூம்வாசிகளுக்கும் வழி இருக்கிறது. பழத்தையும் தயிரையும் மசித்து, இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். பக்கெட்டில் மூன்று பங்கு உடைத்த ஐஸ், ஒரு பங்கு கல் உப்பு கலந்து, நடுவில் டப்பாவைப் புதைத்து அரை மணி, முக்கால் மணி சுற்றிக்கொண்டே இருங்கள். உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். கணக்குப்படி மைனஸ் 21 டிகிரி வரை போகும். வெறுங்கையை உள்ளே விடாதீர்கள், டப்பாவுக்குள் உப்புத் தண்ணீர் போகவும் விடாதீர்கள். நடுநடுவே திறந்து, ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டிக் கலக்க வேண்டும்.

'புகை விடுற ஐஸ் பிஸ்கட் மாதிரி பண்ண முடியாதா?' என்று கேட்கும் சூரர்களுக்கு: அது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. அதோடு சேர்த்துச் சாப்பிடத் தருவதை எதிர்த்து 2024 ஏப்ரலில் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையே எச்சரிக்கை விட்டிருக்கிறது.

கரன்ட் போய் முழுசாக உருகிவிட்டால் மறுபடி உறைய வைக்காதீர்கள். லஸ்ஸி என்று பெயர் வைத்து உடனே குடித்துவிடுங்கள். மிக்ஸி ஜாரில் மட்டும் மறக்காமல் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மாம்பழம் காய்ந்து ஒட்டிக்கொண்டால், அடுத்த நாள் சட்னி அரைக்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் தேடுவது உங்களைத்தான்.