யூஎக்ஸ் டிசைனை ஆன்லைன் டிகிரியா படிக்கலாமா?

போன ரெண்டு மாசமா நமக்கு வர்ற வாய்ஸ் நோட்ல ஒரே கேள்வி வேற வேற குரல்ல வந்துக்கிட்டே இருக்கு. "ப்ளஸ் டூ முடிச்சாச்சு, யூஎக்ஸ் டிசைன் பிடிச்சிருக்கு, டிசைன் காலேஜ்ல சீட் கிடைக்கல. ஆன்லைன்ல டிகிரி பண்ணா சரியா வருமா?" இன்னொருத்தர் பிபிஓல நைட் ஷிஃப்ட் பார்த்துக்கிட்டே கேக்குறார். வீட்ல "டிகிரின்னா காசு தர்றோம், சும்மா கோர்ஸ்னா தர மாட்டோம்"னு சொல்லிட்டாங்களாம். மூணு வருஷமும் வீட்டுக் காசும் போற விஷயம். அதனால இந்த எபிசோட் முழுக்க இது மட்டும்தான்.

நான் டிசைனர் இல்ல. டிசைனர்கள் ஃபிக்மால வரைஞ்சு குடுக்குறதை கோடா மாத்துற ஆள். டிசைனர் வேலைக்கு வர்றவங்களோட இன்டர்வியூல எஞ்சினியரிங் சார்பா சில தடவை உக்காந்திருக்கேன். அந்தப் பக்கத்துலேர்ந்துதான் பேசுறேன்.

என் பதில்: படிக்கலாம். ஆனா யூஎக்ஸ்ல பாதி விஷயம் ஆன்லைன்ல அருமையா ஏறும், மீதிப் பாதி எந்த வீடியோவுலயும் வராது. அந்த ரெண்டாவது பாதியை நீங்களே ஏற்பாடு பண்ணிக்க ரெடின்னா மட்டும் காசு கட்டுங்க.

ஆன்லைன்ல ஏறுற பாதியை மொதல்ல பார்ப்போம். யூஎக்ஸ்னா அழகா ஸ்கிரீன் வரையுறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அந்தப் பேரைப் பரவலாக்கின டான் நார்மன் படிச்சது எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங், அப்புறம் சைக்காலஜி. 1993ல ஆப்பிள்ல சேர்ந்தப்ப தன் பதவிக்கு 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ் ஆர்க்கிடெக்ட்'னு பேர் வெச்சுக்கிட்டார். அதாவது இந்தத் துறையோட அடித்தளம் மனுஷ மனசும் உடம்பும் எப்படி வேலை செய்யுதுங்கிற ஆராய்ச்சி. 1954ல பால் ஃபிட்ஸ் கண்டுபிடிச்ச விதி ஒண்ணு இருக்கு. ஒரு இலக்கு எவ்வளவு தூரமோ, எவ்வளவு சின்னதோ, அதைத் தொட அவ்வளவு நேரம் ஆகும். கேக்க சாதாரணமா இருக்கும். பஸ்ல ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால பணம் அனுப்புறப்ப, 'அனுப்பு' பட்டன் ஏன் கீழ பெருசா, கட்டைவிரல் எட்டுற இடத்துல இருக்கணும்னு அந்த விதிதான் சொல்லுது. ஆண்ட்ராய்டு வழிகாட்டி, தொடுற இடம் குறைஞ்சது 48 டிபி இருக்கணும்னு சொல்றதும் இதே காரணத்தாலதான். அதே மாதிரி, எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவுல 4.5க்கு 1 அளவு கான்ட்ராஸ்ட் வேணும்னு அக்சஸிபிலிட்டி விதி இருக்கு. வெயில்ல நின்னு போனைப் பார்க்குற டெலிவரி பையனுக்கும் அது உதவும், கண்ணுல புரை வந்த தாத்தாவுக்கும் உதவும்.

இதெல்லாம் வீடியோல தாராளமா படிக்கலாம். புரியலைன்னா நிறுத்தி மறுபடி பார்க்கலாம். சொல்லப்போனா அறுபது பேர் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்து கேக்குறதை விட இது நல்லாவே இருக்கும்.

சிக்கல் எங்க வருதுன்னா, மார்க் போடுற இடத்துல. நல்லா நடக்குற ஆன்லைன் டிகிரிகளைப் பாருங்க. ஐஐடி மெட்ராஸ் 2020ல அறிவிச்ச டேட்டா சயின்ஸ் டிகிரி நம்ம பசங்க நிறைய பேருக்குத் தெரியும். பாடம் ஆன்லைன்ல, பரீட்சை மட்டும் சென்டருக்குப் போய் எழுதணும். அந்த மாதிரி பாடத்துல விடைன்னு ஒண்ணு இருக்கு. நீங்க எழுதின ப்ரோக்ராம் டெஸ்ட் கேஸ்ல பாஸ் ஆகும், இல்ல ஃபெயில் ஆகும். ஆயிரக்கணக்கான பேருக்கு மெஷினே திருத்திடும். நான் தினமும் கோட் எழுதுறவன், அந்தப் பச்சை டிக் தர்ற நிம்மதி எனக்குத் தெரியும். ஒரு ஸ்கிரீனுக்கு அந்த மாதிரி டெஸ்ட் கேஸ் கிடையாது. நீங்க வரைஞ்ச செக்-அவுட் பக்கம் சரியா தப்பான்னு யாராவது ஒரு ஆள் உக்காந்து பார்த்துத்தான் சொல்லணும்.

டிசைன் காலேஜ்கள் ரொம்ப காலமா இதைத்தான் பண்ணுது. அகமதாபாத் என்ஐடி 1961ல வந்தது, ஐஐடி பாம்பேவோட ஐடிசி 1969ல. அங்க ஸ்டூடியோன்னு ஒரு பெரிய ரூம். உங்க வேலையைச் சுவத்துல ஒட்டணும். ஆசிரியரும் கூடப் படிக்கிறவங்களும் சுத்தி நின்னு கேப்பாங்க: இது ஏன் இங்க? இதை எடுத்துட்டா என்ன ஆகும்? யாருக்காக இது? இதுக்கு 'கிரிட்'னு பேர். ஒரு செமஸ்டர்ல இதை முப்பது தடவை வாங்குன பையனுக்கு ரெண்டு விஷயம் வந்துடும். ஒண்ணு, அடுத்தவன் வேலைல ஓட்டை எங்கன்னு கண்டுபிடிக்கிற கண். இன்னொண்ணு, தன் வேலையை யாராவது குத்தம் சொன்னா அழாம காரணம் சொல்ற பழக்கம். எங்க ஆஃபீஸ்ல டிசைன் மீட்டிங்னாலே முக்கால்வாசி அதுதான் நடக்குது.

ஆன்லைன்ல பெரும்பாலும் இந்த இடத்தை 'பியர் ரிவ்யூ' நிரப்பும். உங்களை மாதிரியே போன வாரம் சேர்ந்த இன்னொரு ஸ்டூடண்ட், நாலு கட்டம் டிக் அடிச்சு, "நைஸ் வொர்க்"னு எழுதிட்டுப் போயிடுவார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, அவருக்கும் தெரியாது. அதனால காலேஜ் பக்கத்துல எந்தப் பேர் போட்டிருந்தாலும் நான் கேக்கச் சொல்ற மொத கேள்வி: என் வேலையை யார் பார்ப்பாங்க, ஒரு செமஸ்டர்ல எத்தனை தடவை, நேரலைல பேசுவாங்களா இல்ல எழுதி அனுப்புவாங்களா? அட்மிஷன் கவுன்சிலர் இதுக்கு "எங்ககிட்ட இண்டஸ்ட்ரி மெண்டர்ஸ் இருக்காங்க"ன்னு மட்டும் சொன்னா, எண்ணிக்கை கேளுங்க. எண்ணிக்கை வரலைன்னா புரிஞ்சுக்கலாம்.

ரெண்டாவதா, டிகிரியோட பேரும் உள்ள இருக்குற பாடமும் ஒண்ணு கிடையாது. லண்டன் பல்கலைக்கழகம் கோர்செரா வழியா ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி நடத்துது, பாடத்தைப் பார்த்துக்கிறது கோல்ட்ஸ்மித்ஸ். 2019ல முதல் பேட்ச் சேர்ந்துச்சு. அதுல யூசர் எக்ஸ்பீரியன்ஸ்னு ஒரு சிறப்புப் பிரிவு. மொத்தம் 360 கிரெடிட். அதுல மொத 240 எல்லாப் பிரிவுக்கும் பொது: கணக்கு, ப்ரோக்ராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், செக்யூரிட்டி. யூஎக்ஸ் பக்கம் திரும்புறது கடைசி 120ல, அதாவது இன்டராக்‌ஷன் டிசைன் மாதிரி சில பாடங்களும் கடைசி ப்ராஜெக்ட்டும். இதை ஏமாத்து வேலைன்னு நான் சொல்லல. கோட் தெரிஞ்ச டிசைனர் கூட வேலை பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா கணக்குல ஆர்வமே இல்லாம, "டிசைன்தானே"ன்னு சேர்ந்தா மொத ரெண்டு லெவல் முழுக்க டிஸ்க்ரீட் மேத்ஸோடயும் அல்காரிதத்தோடயும் மல்லுக்கட்டணும். நம்ம ஊர் ஆன்லைன் பிசிஏல யூஐ யூஎக்ஸ்னு போட்டிருந்தாலும் இதே மாதிரி கிரெடிட்டை எண்ணிப் பாருங்க. ப்ரோஷரை விட்டுடுங்க, சிலபஸ் பிடிஎஃப்பை எடுங்க.

இப்ப வீடியோல வராத பாதி. ஒரு ஆள் உங்க ஸ்கிரீன் முன்னாடி திணறுறதை வாயை மூடிக்கிட்டுப் பார்க்குறது. இதுக்குப் பேர் யூஸபிலிட்டி டெஸ்ட். எத்தனை பேர் வேணும்? 1993ல ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் ஒரு கணக்குப் போட்டாங்க. அவங்க பார்த்த ப்ராஜெக்ட்கள்ல ஒரு ஆள் சராசரியா 31 சதவீதப் பிரச்சினையைக் காட்டிக் குடுத்தார். ரெண்டாவது ஆள் கொஞ்சம் பழசையே காட்டுவார், மிச்சம் புதுசு. இப்படியே போனா அஞ்சாவது ஆள்கிட்ட கிட்டத்தட்ட 85 சதவீதம் வந்துடும். அந்த 31ங்கிறது ஒரு சராசரிதான், உங்க ஆப்ல வேறயா இருக்கலாம். உங்க ஆப்பை காலேஜ் பசங்களும் பென்ஷன் வாங்குறவங்களும் பயன்படுத்துறாங்கன்னா, ரெண்டு கூட்டத்துலயும் தனித்தனியா ஆள் தேடணும்.

கவனிச்சீங்களா? அஞ்சு பேர்தான். இதுக்கு லேப் வேணாம். வீட்லயிருந்து படிக்கிறவங்களுக்கு, ஹாஸ்டல்ல ஒரே வயசுப் பசங்களோட இருக்குறவங்களை விட, நிஜ ஆட்கள் பக்கத்துலயே இருக்காங்க. அம்மா, அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணா, மாவுக் கடை அக்கா, எதிர் வீட்டு ரிட்டயர்டு சார்.

ஒரு தடவை எங்க அம்மா ரத்தப் பரிசோதனைக்கு ஒரு ஆப்ல டைம் புக் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. பட்டனை அமுக்குறாங்க, நகரவே இல்ல. காலண்டர்ல இன்னைக்குத் தேதியைச் சுத்தி ஒரு வட்டம் போட்டிருக்கு. அம்மாவைப் பொறுத்தவரை தேதி ஏற்கெனவே தேர்ந்தெடுத்தாச்சு. வட்டம் போட்டா தேர்ந்தெடுத்ததுன்னுதானே அர்த்தம், ஸ்கூல் கொஸ்டின் பேப்பர்லேர்ந்தே அப்படித்தானே? அதை வரைஞ்ச டிசைனருக்கு அந்த வட்டம் 'இன்னைக்கு'ன்னு காட்டுற அடையாளம். கோட் எழுதின ஆளுக்கும் அப்படித்தான். ஆஃபீஸ்ல இருக்குற யாருக்கும் இது தோணியே இருக்காது. இந்த மாதிரி ஒரு பத்தி, ஒரு போட்டோ, அதுக்கப்புறம் நீங்க மாத்தின டிசைன், மாத்தினதை மறுபடி அஞ்சு பேர்கிட்ட காட்டினப்ப என்ன ஆச்சு: இது உங்க போர்ட்ஃபோலியோல இருந்தா, இன்டர்வியூல நான் நிமிர்ந்து உக்காருவேன். ஃபுட் டெலிவரி ஆப்பை 'ரீடிசைன்' பண்ணி வர்ற நாப்பதாவது ஃபைல்ல அது கிடைக்காது.

டெஸ்ட் பண்றப்ப ஒரே விதி. உதவி பண்ணாதீங்க. "கீழ பாருங்கம்மா"ன்னு சொன்னா டெஸ்ட் முடிஞ்சுபோச்சு. நம்ம வீடுகள்ல இதுதான் ரொம்பக் கஷ்டம்.

இன்னொரு விஷயம், எந்த சிலபஸும் உங்களுக்காக எழுதி வெச்சிருக்காதது: தமிழ். ஒரு ஆப்பைத் தமிழ்ல மாத்திப் பாருங்க. இங்கிலீஷ்ல 'சப்மிட்'னு ஆறு எழுத்து அடங்கின பட்டன்ல 'சமர்ப்பிக்கவும்' வெளிய பிதுங்கும். அது போக, மளிகைக் கடையில யாராவது சமர்ப்பிப்பாங்களா? 'அனுப்பு'ன்னா போதும். வரி உயரம் இங்கிலீஷுக்குன்னு அளந்து வெச்சிருந்தா மேல இருக்குற புள்ளியும் கீழ வர்ற சுழியும் வெட்டுப்படும். 'நன்றி' நமக்கு மூணு எழுத்து, யூனிகோட்ல அது அஞ்சு குறி. நீளமான பேரைப் பாதியில வெட்டி மூணு புள்ளி வைக்கிற கோட், புள்ளிக்கு முன்னாடி வெட்டிட்டா 'ன்' போய் 'ன' ஆயிடும். இதை ஒரு கடைசி ப்ராஜெக்ட்டா எடுத்துக்கிட்டு, பத்து ஸ்கிரீன்ல எங்கெங்க உடையுதுன்னு காட்டி, சரி பண்ணி, அஞ்சு பேர்கிட்ட டெஸ்ட் பண்ணீங்கன்னா, அது பெங்களூர்ல உக்காந்திருக்குற எந்த டீமுக்கும் புதுசு.

சரி, அந்தப் பேப்பர் விஷயம். வீட்ல கேக்குறது தப்பில்ல, நிறைய கம்பெனியோட அப்ளிகேஷன் ஃபார்ம் ஏதாவது ஒரு டிகிரி இல்லாம அடுத்த பக்கத்துக்கே போகாது. 2022ல யுஜிசி தெளிவா அறிவிச்சாச்சு: அனுமதி வாங்கின பல்கலைக்கழகத்தோட ஆன்லைன் டிகிரி, நேர்ல போய்ப் படிச்ச டிகிரிக்குச் சமம். அனுமதி இருக்கான்னு யுஜிசியோட டிஸ்டன்ஸ் எஜுகேஷன் பியூரோ தளத்துல பாருங்க. பல்கலைக்கழகத்துக்கு மட்டும் இருந்தா பத்தாது, நீங்க சேரப்போற அந்தப் படிப்புக்கும், அந்த வருஷத்துக்கும் இருக்கணும். 2024லேர்ந்து சேர்றதுக்கு முன்னாடி அங்கயே டிஇபி ஐடின்னு ஒண்ணு எடுக்கணும். யாராவது ஆன்லைன்ல பிடெக்னு விளம்பரம் பண்ணா நகர்ந்துடுங்க, எஞ்சினியரிங்கை அப்படி நடத்த அனுமதி கிடையாது.

வெளிநாட்டு ஆன்லைன் டிகிரில ஒரு முள் இருக்கு. வெளிநாட்டுப் பட்டத்துக்கு இங்க சமானச் சான்று தர்றதுக்கான யுஜிசியோட 2025 விதிகள், நேர்ல வகுப்புக்குப் போய்ப் படிச்சிருக்கணும்னு கேக்குது. பிரைவேட் கம்பெனி பெருசா கண்டுக்காது. ஆனா பின்னாடி இங்க மாஸ்டர்ஸ் படிக்கணும், கவர்மெண்ட் பரீட்சை எழுதணும்னு ஒரு எண்ணம் இருந்தா, பவுண்ட்ல ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி யோசிங்க.

ஏற்கெனவே ஒரு டிகிரி கையில இருந்தா? இன்னொண்ணு வேணாம்னுதான் சொல்வேன். கூகுள் 2021ல கோர்செரால விட்ட யூஎக்ஸ் சர்டிஃபிகேட் மாதிரி ஒண்ணை ஆறு மாசத்துல முடிச்சுட்டு, மிச்ச நேரத்தையும் காசையும் டெஸ்ட் பண்றதுக்கும், அனுபவப்பட்ட ஒரு டிசைனர்கிட்ட மாசம் ரெண்டு தடவை கிரிட் வாங்குறதுக்கும் செலவு பண்ணுங்க. டிகிரியே இல்லாதவங்களுக்கு, மூணு வருஷம் எப்படியும் போகப்போகுதுங்கிறவங்களுக்கு, ஆன்லைன் டிகிரி நல்ல வழிதான். வேலை பார்த்துக்கிட்டே படிக்கலாம், ஊரை விட்டுப் போக வேணாம். கிரிட்டுக்கு மட்டும் நாலு பேர் சேர்ந்து ஒரு குரூப் வெச்சுக்கோங்க, வாராவாரம் ஒருத்தர் ஸ்கிரீனை ஷேர் பண்ணணும், மத்தவங்க "சூப்பர்"ங்கிற வார்த்தையைச் சொல்லக் கூடாது.

நீங்க பார்த்து வெச்சிருக்குற படிப்போட சிலபஸ் பிடிஎஃப் இருந்தா நமக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல மூணு நாலு சிலபஸை எடுத்து வெச்சு, ஒரு டிசைனரையும் கூட உக்கார வெச்சு, கிரெடிட் கிரெடிட்டா எண்ணிப் பார்ப்போம்.