வெட்டுத்துண்டில் கால்துடைப்பான்: இலாபம் எங்கே இருக்கிறது?

1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் ஆரம்பிக்கப்பட்டது முதல் ஆடைத்தொழில் எமது நாட்டின் பிரதான ஏற்றுமதித் துறைகளுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. துணி வெட்டும் இடமெங்கும் துண்டுகள் மிஞ்சுகின்றன. ஒரேயொரு தையல் இயந்திரம் இருந்தாலே அவற்றைக் கால்துடைப்பான்களாக மாற்றி விற்கலாம்.

ஆனால் "கழிவுதானே" என்று பார்க்காமல் மூட்டையோடு வாங்குபவர் நட்டமடைவார். பருத்தித் துணி நீரை நன்கு உறிஞ்சும். பொலியெஸ்டர் அவ்வாறு உறிஞ்சாது. சந்தேகமெனில் ஒரு நூலை எரித்துப் பாருங்கள். பருத்தி கடதாசிபோல் எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

கிலோ 120 ரூபாவுக்கு வாங்கியதில் 400 கிராம் கழிந்துவிடுகிறது என வைத்துக்கொள்வோம். அப்போது பயன்படும் துணியின் உண்மை விலை கிலோ 200 ரூபா. தரம்பிரிக்கும் கூலி, நூல், மின்சாரம், போக்குவரத்து யாவும் அதற்கு மேல்தான். விற்பனை விலையை 120இலிருந்து கணக்கிட்டால் இலாபம் ஏட்டில் மட்டுமே இருக்கும்.

எனவே முதலில் 10 கிலோ மட்டும் வாங்கி, தரம்பிரித்து நிறுத்துப் பாருங்கள். சில மாதிரிகளைத் தைத்து அயல் கடைகளில் காட்டுங்கள். ஓடர் கிடைத்த பின்னர் மூட்டைக்கணக்கில் வாங்கலாம். கழித்த துண்டுகளையும் வீசிவிடாதீர்கள். குஷன் நிரப்புவோருக்கு விற்றால் அந்த 200 ரூபா சற்றுக் குறையும்.