வயலுக்கும் பேர் உண்டு, கேட்டுப் பாருங்கள்

வங்கியில் வேலை பார்த்த காலத்தில் பயிர்க்கடன், கிணற்றுக்கடன் என்று எத்தனையோ மனுக்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சர்வே எண், பரப்பு, வில்லங்கம் எல்லாம் சரிபார்ப்பேன். "இந்த நிலத்துக்கு ஊர்ல என்ன பேரு?" என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்கான தண்டனை, ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு எனக்கே கிடைத்தது.

எங்கள் ஊர் சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாய்ப் பாசனக் கிராமம். அப்பா விட்டுப்போன நிலத்தில் ஒரு துண்டில் 60 எலுமிச்சங்கன்று வைத்தேன். தொழுவுரம், ஜீவாமிர்தம் எதிலும் குறை வைக்கவில்லை. இருந்தும் இலை நுனி கருகி ஒவ்வொன்றாகக் காய்ந்தது. பக்கத்துப் புஞ்சைக்காரப் பெரியம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன் தம்பி, உவர்ச்செய்யில கொண்டாந்து எலுமிச்சைய வச்சா எப்படிப் பொழைக்கும்? ஒங்க அப்பா சொல்லலையா?"

அப்பா சொல்லியிருப்பார். நான்தான் காதில் வாங்கவில்லை. மண் பரிசோதனையும் அதையே சொன்னது. எலுமிச்சை உப்பைத் தாங்காது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதேன். இப்படி இரண்டு வருசம். பிறகு, உவர் மண்ணுக்கென்றே நம் முன்னோர் வைத்திருந்த குழியடிச்சான் நெல்லைப் போட்டேன். இப்போது சாப்பாட்டுக்கு நெல் வருகிறது.

அதற்குப் பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பெரியம்மாவோடு ஊரைச் சுற்றினேன். ஒவ்வொரு பேரும் ஒரு பாடம்.

மடையடிச் செய்: கண்மாய் மடையை ஒட்டிய வயல். தண்ணீர் முதலில் பாயும். நெல்லுக்குத் தைரியமாக இறங்கலாம்.

கடைமடை: தண்ணீர் கடைசியில் வந்து சேரும் இடம். மழை குறைந்த வருசம் வராமலே போகும். அங்கே குறுகிய வயதுப் பயிர்தான் சரி.

ஊற்றுப்பள்ளம்: கோடையிலும் ஈரம் காக்கும். மழைக்காலத்தில் வேர் அழுகும்.

மறுகால் ஓடை: கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக மிச்சத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும் வழி. பல வருசம் தண்ணீர் வராததால் அதைத் தரிசு என்று நினைத்துச் சிலர் வீடு கட்டினார்கள். ஒரு ஐப்பசியில் கண்மாய் மறுகால் போனபோது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர்.

ஊர்ப் பேர்களும் இப்படித்தான். எங்கள் பக்கம் 'ஏந்தல்' என்று முடியும் ஊர்கள் நிறைய. ஏந்தல் என்றால் மழைநீரை ஏந்தி வைக்கும் சிறு கண்மாய். வடக்கே அதையே தாங்கல் என்பார்கள். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்தவை. பேர் நிற்கிறது, பல இடங்களில் நீர்நிலைதான் இல்லை.

கிராம 'அ' பதிவேட்டில் நிலம் நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்றெல்லாம் இருக்கும். வயலின் பேரும் அது வந்த காரணமும் பெரியவர்கள் வாயில்தான் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போய்விடும்.

நோட்டில் ஒரு பக்கம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'பாறைப் புஞ்சை' என்று பெரியம்மா கை காட்டிய இடம், நான் கிணற்றுக்கடன் கொடுத்த ஒரு நிலத்தை ஞாபகப்படுத்தியது. வேறு ஊர், அதே பேர். கிணற்றில் பாறைதான் வந்தது, தண்ணீர் வரவில்லை. கடனைக் கட்ட அந்த மனிதர் உழவு மாட்டை விற்றார். பேர் தெரிந்தது பாக்கித் தவணை கேட்டு ஊருக்குள் போனபோதுதான். முன்னாடியே கேட்டிருந்தால் வேறு இடம் பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

ஆகவே, உழவர்களே, இந்தக் கோடையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் கிராம வரைபடம் ஒரு நகல் வாங்குங்கள். எழுபது வயது தாண்டிய இரண்டு மூன்று பேரோடு நடங்கள். வயலின் பேர் என்ன, ஏன் அந்தப் பேர், மழைத் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகும், முன்பு என்ன விளைந்தது என்ற நாலு கேள்வியைக் கேட்டு வரைபடத்திலேயே எழுதுங்கள். பழைய கிரயப் பத்திரங்களில் நான்கெல்லை சொல்லும் இடத்தையும் படித்துப் பாருங்கள். சில பேர்கள் அங்கே ஒளிந்திருக்கும்.

கன்று வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். எனக்கு 60 எலுமிச்சங்கன்று செலவானது. உங்களுக்கு ஒரு நோட்டுதான் செலவு.