தூக்கமின்மை: படுக்கை நேரத்தைக் குறைப்பதே மருந்து!

இரவில் தூக்கம் வரவில்லை என்று சொல்பவருக்கு நம் வீடுகளில் கிடைக்கும் முதல் அறிவுரை, ‘சீக்கிரமாகப் போய்ப் படு’ என்பதுதான். இரண்டாவது அறிவுரை, ‘காலையில் இன்னும் கொஞ்ச நேரம் படுத்திரு’. இரண்டும் அக்கறையில் பிறந்தவை; ஆனால், இரண்டுமே தூக்கமின்மையை வளர்ப்பவை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருத்துவம் இன்று பரிந்துரைக்கும் வழி இதற்கு நேரெதிரானது: படுக்கையில் கழிக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். தந்தையின் மறைவுக்குப் பின் இரண்டு ஆண்டுகள் தூக்கமின்றித் தவித்து, இந்த முறையால் மீண்டவன் நான். அது எப்படிச் செயல்படுகிறது, அதற்கு ஏன் பொறுமை தேவை என்பதைப் பலரும் அறிந்திருப்பது அவசியம் எனக் கருதுகிறேன்.

மூன்று காரணிகள்: வாரத்துக்கு மூன்று இரவுகளேனும் தூக்கம் கெட்டு, அது மூன்று மாதங்களுக்கு நீடித்து, பகல் வாழ்க்கையையும் பாதித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மேன் 1980களில் இதற்கு எளிய விளக்கம் ஒன்றை அளித்தார். சிலருக்கு இயல்பிலேயே தூக்கம் எளிதில் கலையும். இது முதல் காரணி. மரணம், வேலையிழப்பு, நோய் என ஏதேனும் ஒன்று தூக்கத்தைக் குலைக்கும், இது இரண்டாவது. இழந்த தூக்கத்தை ஈடுகட்டச் செய்யும் முயற்சிகள் மூன்றாவது. சீக்கிரம் படுப்பது, தாமதமாக எழுவது, மதியம் கண்ணயர்வது ஆகியவை இதில் அடங்கும். துக்கம் ஆறிய பிறகும் தூக்கம் திரும்பாமல் போவதற்கு இந்த மூன்றாவது காரணியே பெரிதும் பொறுப்பு.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்துக்கான உந்துதலைக் கூட்டுகிறது. மூளையில் சேரும் அடினோசின் என்னும் வேதிப்பொருளுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. அடினோசின் செயல்படும் இடங்களைக் காஃபின் அடைத்துக்கொள்வதால்தான் காபி குடித்தால் தூக்கம் தள்ளிப்போகிறது. பகல் தூக்கமும் நீண்ட படுக்கையும் இந்த உந்துதலைக் கரைத்துவிடுகின்றன. ஆறு மணி நேரமே தூங்குபவர் ஒன்பது மணி நேரம் படுத்திருந்தால், மூன்று மணி நேரம் விழித்தே கிடப்பார். நாள்தோறும் இது தொடரும்போது, படுக்கை என்றாலே விழிப்பும் கவலையும் என்று மூளை பழகிவிடுகிறது. தொலைக்காட்சி முன் நாற்காலியில் கண்ணயர்பவர், கட்டிலுக்குப் போனதும் விழித்துக்கொள்வது இதனால்தான்.

எளிய கணக்கு: ஸ்பீல்மேனும் சக ஆய்வாளர்களும் இந்தச் சிகிச்சையை 1987இல் ஆய்விதழில் விவரித்தனர். முதலில் இரண்டு வாரங்கள் தூக்கக் குறிப்பேடு எழுத வேண்டும். என் குறிப்பேட்டின்படி நான் படுத்திருந்தது எட்டரை மணி நேரம். தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம். அதாவது, படுக்கையில் கழிந்த நேரத்தில் 65 சதவீதமே தூக்கம். மருத்துவர் எனக்கு அனுமதித்தது அந்த ஐந்தரை மணி நேரத்தை மட்டுமே: நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை. பகல் தூக்கம் கூடாது. ஞாயிற்றுக்கிழமையானாலும் எழும் நேரம் மாறக் கூடாது. படுத்தும் தூக்கம் வராவிட்டால், எழுந்து வேறு அறைக்குச் சென்று, கண் சொருகும்போது திரும்ப வேண்டும்.

ஒரு வாரச் சராசரி 90 சதவீதத்தை எட்டினால் 15 நிமிடம் கூட்டலாம். 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சற்றே குறைக்க வேண்டும். இடையில் இருந்தால் அதே நேரம் தொடரும். பொதுவாக, ஐந்து மணி நேரத்துக்கும் கீழே யாருக்கும் குறைப்பதில்லை.

பொறுமையின் பங்கு: முதல் இரண்டு வாரங்கள் கடினமானவை. வீடே உறங்கிய பிறகு, துணி மடித்தும் புத்தகம் புரட்டியும் நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும். பகலில் சோர்வும் எரிச்சலும் கூடும். சிகிச்சை தோற்றுவிட்டதாக எண்ணிப் பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில், அந்தத் தூக்கக் கலக்கமே மருந்து. எனக்கு மூன்றாவது வாரத்தில் படுத்த சில நிமிடங்களில் தூக்கம் வந்தது. அதன் பிறகும் மோசமான இரவுகள் வந்தன. ஆனால், ஓர் இரவை வைத்து எதையும் மாற்றக் கூடாது, வாரச் சராசரியையே பார்க்க வேண்டும் என்பது விதி. பத்து வாரங்களில் ஆறே முக்கால் மணி நேரத்தை எட்டினேன். எட்டு மணி நேரம் எல்லோருக்குமான அளவு அல்ல என்பதும் அப்போது புரிந்தது.

இதை மருத்துவ ஆலோசனையுடனேயே தொடங்க வேண்டும். இருமுனை மனநோய், வலிப்பு நோய், தூக்கத்தில் நடக்கும் பழக்கம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்சினை ஆகியவை உள்ளவர்களுக்கு இது ஆபத்தாகலாம். வாகனம் ஓட்டுவோரும் இயந்திரங்களில் பணிபுரிவோரும் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்.

மாத்திரைக்கு முன்னால்: நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் அளிக்க வேண்டியது அறிதல்-நடத்தைச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் வழிகாட்டியது. படுக்கை நேரக் குறைப்பு அதன் முக்கிய அங்கம். நம் ஊரிலோ முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் மாத்திரைதான். அல்பிரசோலம் போன்றவற்றை நீண்ட காலம் உட்கொண்டால் அவற்றையே சார்ந்திருக்க நேரிடும். முதியோர் தடுமாறி விழும் ஆபத்தும் உண்டு. ஏற்கெனவே உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே.

இந்தச் சிகிச்சைக்குச் சிறப்பு நிபுணர்கள்தான் தேவை என்பதில்லை. இங்கிலாந்தின் ஆரம்ப சுகாதார மையங்களில் 642 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு, 2023இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் நான்கு வாரங்கள் வழிகாட்டியதில், வெறும் கையேட்டை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் தூக்கமின்மை ஆறு மாதங்களுக்குப் பிறகும் கணிசமாகக் குறைந்திருந்தது. ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மருந்து வழங்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் கொண்ட தமிழ்நாட்டுக்கு இது எட்டாத இலக்கு அல்ல. ஒரு குறிப்பேடும், ‘இந்த வாரத்தையும் கடந்துவிடுங்கள்’ என்று சொல்ல ஒரு செவிலியரும் போதும். அந்தக் குரல் கிடைக்காததால்தான் பலர் இரண்டாவது வாரத்திலேயே மாத்திரைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.