சதுப்பிலும் பாறையிலும் விளைந்த கிழங்கு

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ, கால்வே பக்கம், சம்சாரிக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை என்ற கவலை இல்லை. அது வடியவில்லை என்பதுதான் கவலை. சதுப்பும் கல்லுமாகக் கிடக்கிற நிலம். பல இடங்களில் ஏர் இறங்காது. அங்கே இரண்டு மூன்று ஏக்கரில் பிழைத்த குடும்பங்கள் உருளைக்கிழங்கை மேட்டுப்பாத்தியில் போட்டார்கள்.

மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளை ஒட்டி வேலை தொடங்கும். புல்தரையைக் கொத்தாமல், நாலைந்து அடி அகலத்துக்குச் சாணி எருவோ கடற்பாசியோ பரப்பி, அதன்மேல் கண்ணுள்ள விதைத்துண்டுகளை வரிசையாக வைப்பார்கள். பிறகு 'லாய்' என்ற மண்வெட்டி வரும்: நீளக் காம்பு, ஒடுங்கிய இலை, ஒரு பக்கம் மட்டும் கால் வைத்து மிதிக்க இடம். இரு ஓரத்துப் புல்கட்டியையும் வெட்டி, புல்மேல் புல் படியும்படி உள்பக்கமாகக் கவிழ்ப்பார்கள். மூடிய புல் மக்கி உரமாகும். வெட்டிய பள்ளம் மழைநீரை வடிக்கும். செடி தலைகாட்டியதும் அந்தப் பள்ளத்து மண்ணையே அள்ளி அணைப்பார்கள். வெளியூர்க் கனவான்கள் இதைச் சோம்பேறி விவசாயம் என்றார்கள். ஒரு பகல் லாயைப் பிடித்திருந்தால் வாய் வந்திருக்காது.

ஆரன் தீவுகளில் மண்ணையே உண்டாக்க வேண்டியிருந்தது. வெறும் சுண்ணாம்புப் பாறைமேல் மணலும் கடற்பாசியும் அடுக்கி, பாறை இடுக்கில் சுரண்டிய மண்ணையும் சேர்த்துப் பாத்தி கட்டினார்கள். ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி 1934-ல் எடுத்த 'மேன் ஆஃப் ஆரன்' படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது.

1845-ல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் வந்தது. தானியமும் பன்றியும் குத்தகைப் பணத்துக்குப் போக, வயிற்றுக்கு மிஞ்சியது கிழங்கு மட்டுமே. அதிலும் பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே ரகம். அது அழுகியபோதும் தானியக் கப்பல்கள் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 1841-ல் சுமார் 81 லட்சமாக இருந்த நாட்டின் மக்கள்தொகை, பஞ்சத்தால், 1851-ல் 65 லட்சமாகச் சரிந்தது. குற்றவாளி பாத்தியல்ல, நிலவுடைமைதான். அக்கில் தீவின் ஸ்லீவ்மோர் மலைச்சரிவில், ஆளில்லாத ஊரைச் சுற்றி அந்தப் பாத்தி வரிகள் இன்னமும் தெரிகின்றன.

பின்னாளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த தெளிப்பு வந்தது. 'கெர்ஸ் பிங்க்' போன்ற ரகங்கள் வந்தன. நோய் மட்டும் போகவில்லை. கோடையில் புழுக்கமும் ஈரமும் சேரும் நாட்களில் அயர்லாந்து வானிலைத் துறை இன்றைக்கும் கருகல் எச்சரிக்கை விடுகிறது.